நைனா பாத்த படம்

திருத்தணியில் விசைத்தறி ஓடுகிற தெருக்களில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. பேசி என்ன பிரயோசனம்? விடிந்ததும் வீட்டுக்கு வீடு தறி தடதடவென்று ஆரம்பித்துவிட்டால் குசுகுசுப் பேச்சு எவன் காதில் விழப்போகிறது? அதனால் அங்கே இருப்பவர்களுக்கு இரண்டு பழக்கம். தெருவில் நின்றால் கத்துவார்கள். தறிக் கொட்டகைக்குள் நின்றால் சத்தமே போடாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். எதிர்த் தறியில் நிற்கிற ஆள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். தணிகைமணியும் அவர் மனைவி யோகலட்சுமியும் கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் முக்கால்வாசிச் சண்டையை இப்படிச் சத்தமில்லாமலே போட்டு முடித்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்களை ரொம்ப ஒற்றுமையான ஜோடி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

இந்தப் பழக்கம் இருந்ததால்தான் தணிகைமணிக்குக் காது போன விஷயம் மூன்று வருஷமாக ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் குக்கர் விசில் போனது. பிறகு போன் மணி. பிறகு பெண்கள் பேச்சு. லாரி போனால் கேட்கும், கோயில் வெடி போட்டால் கேட்கும். மனுஷர் பேச்சு மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் மாஸ்க் போட்டிருந்ததால் எழுதிக் கொடுக்கச் சொல்லிப் படித்தார். நரம்பு போய்விட்டது, திரும்ப வராது, மிஷின் வைத்தால் சத்தம் பெரிதாகும், பேச்சு விளங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அந்தச் சீட்டை ரயில் ஜன்னல் வழியாகக் கிழித்துப் போட்டார். நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், நூல் வரவில்லையாம் என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத் தணிகைமணி மூன்று வருஷம் மறைத்தார். யோகலட்சுமி பேசுவதும் தறியிலே, பேசுவது உதட்டாலே. அவளுக்கு எப்படித் தெரியும்? தெருக்காரர்களுக்கு அவர் கத்துவது புதிதில்லை. புரியாத இடத்தில் "ஆங், ஆங்" என்று தலையை ஆட்டிவிட்டால் உலகத்தில் பாதிப் பேர் அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை.

இடித்தது ஒரே இடத்தில்தான். மகள் தேவிப்பிரியா.

ஒரே பெண். படிக்கிற பிள்ளை என்று தறிக் கொட்டகைப் பக்கமே விடாமல் வளர்த்தார்கள். அதனால் வாயசைப்பு மொழி அவளுக்குத் தெரியாது. சென்னையில் காலேஜ், தினம் லோக்கல் ரயிலில் போய் வருவாள். வீட்டில் இருக்கிற நேரத்தில் குனிந்த தலை போனிலேதான். பேசினாலும் போனைப் பார்த்துக்கொண்டே பேசுவாள், நடந்துகொண்டே பேசுவாள், சமையல் ரூமுக்குள்ளிருந்து பேசுவாள். அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாளா, அப்பாவுக்குக் கேட்காமல் போய்விட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஒரு வருஷம் போனது. பெற்ற பெண் எதிரே நடமாடுகிறாள், அவள் என்ன நினைக்கிறாள், என்ன சாப்பிட்டாள், யாரோடு சண்டை போட்டாள், ஒன்றும் தெரியாது.

அப்புறம்தான் அந்த சேனல் வந்தது. ஒரு நாள் படம் பார்த்துவிட்டு வந்து லுங்கியோடு வாசற்படியில் உட்கார்ந்து கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தார். "அவன் அழுவறானா? கண்ணு சும்மா கீது, மூக்கு மட்டும் வெடிச்சிக்குது. எங்க ஊட்டு எருமை இவனவிட நல்லா அழுவும்!" தேவிப்பிரியா அதை போனில் எடுத்து நெட்டில் போட்டுவிட்டாள். ஊரே பார்த்தது. "நைனா பாத்த படம்" என்று பேர் வைத்து வாரா வாரம் போட ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூட்டிங். நடுவில் ஒரு மாறுதலுக்கு சென்னையில் எஸ்கேப் ரூம் போய் அதையும் விமர்சனம் செய்தார்கள். காசு கொடுத்து உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் புதிரையெல்லாம் அவிழ்த்து வெளியே வரவேண்டும். "காசு குட்த்து ஜெயிலுக்குப் போற ஜனங்கள இங்கதான்யா பாக்கறேன்," என்று ஆரம்பித்த வீடியோ படத்தை விட அதிகமாக ஓடியது. ரெண்டு ரூம் போனார்கள். தறி கழற்றி மாட்டுகிற கை, எந்தப் பெட்டியும் அவரிடம் நிற்கவில்லை.

ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பாராட்டினார்கள். நைனா யாரும் பார்க்காததைப் பார்க்கிறார், முகத்தைப் படிக்கிறார் என்றார்கள். படிக்காமல்? வேறு எதைப் படிப்பார்? பாட்டு எப்படி நைனா என்று மகள் கேட்டால், "பாட்டு வரும்போது எத்தினி பேர் எழுந்து வெளிய போனான்னு எண்ணிக்கினேன், பதினேழு," என்பார். சிரித்துச் சாவார்கள்.

ஆனால் தணிகைமணிக்குப் பாராட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரம் வேண்டும். காமிராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு தேவிப்பிரியா அவருக்கு நேர் எதிரே உட்காருவாள். போன் கையில் இருக்காது. அவர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாள், சிரிப்பாள், மறுத்துப் பேசுவாள், காலேஜ் கதை கூட நடுவில் வரும். ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் புரியும். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு மகள் இருந்தாள். காது போனது தெரிந்தால் செவிட்டு ஆளை எவள் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போவாள்? சேனல் நிற்கும். தலை திரும்பவும் போனுக்குள் கவிழும். அதற்கு பயந்துதான் மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

வந்தது வினை, போன மாசம்.

தெலுங்குப் படம் ஒன்று, தமிழில் டப் ஆகி வந்திருந்தது. தேவிப்பிரியாவுக்குப் பரீட்சை. அவர் மட்டும் போனார். டப்பிங் படம் அவருக்கு ஒரு தொல்லையே இல்லை. அவரைப் பெற்ற அம்மாவுக்குப் பிறந்த ஊர் ஆந்திராப் பக்கம் நகரி. தெலுங்கு வாயும் தமிழ் வாயும் அவருக்கு ஒன்றுதான். கடைசிக் காட்சியில் கொலைகார மகனைப் பார்க்க ஜெயிலுக்கு அம்மா வருகிறாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்கிறாள்: நான் செத்தாலும் வராதே, நீ எனக்குப் பிறக்கவே இல்லை. தணிகைமணி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஞாயிற்றுக்கிழமை காமிரா முன்னாலும் அழுதார். "பெத்தவ மன்னிக்கவே இல்ல பாரு, அதான்யா படம். டைரக்டருக்கு முதுவுல எலும்பு கீது," என்றார். தேவிப்பிரியாவுக்கே கண் கலங்கியது. அன்றைக்கே போட்டுவிட்டாள்.

மறுநாளே சந்தி சிரித்தது. அந்தம்மா மன்னித்துவிட்டாளே, உனக்காகக் காத்திருப்பேன் என்று அழுதுகொண்டே சொன்னாளே, நைனா எந்தப் படம் பார்த்தார்? தமிழ் ஜனங்களுக்குப் பிடிக்காது என்று டப்பிங்கில் வசனத்தை மாற்றியிருக்கிறார்கள், படுபாவிகள். காதால் கேட்ட ஊரெல்லாம் மன்னித்த அம்மாவைப் பார்த்தது. உதட்டைப் பார்த்த ஒரே ஆள் மன்னிக்காத அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். காலேஜில் தேவிப்பிரியாவின் மானம் போனது. உங்கப்பா தியேட்டரில் தூங்கிவிட்டு ஏதோ தெலுங்கு விமர்சனத்தைக் காப்பி அடித்திருக்கிறார் என்று கூடப் படிக்கிறவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து பையை வீசினாள். கோபத்தில் அவர் முகத்தைப் பார்த்தே கத்தினாள், அதனால் எல்லாம் புரிந்தது.

"படத்துல அந்தம்மா மன்னிச்சிட்டாளாமே, தூங்கிட்டியா நைனா? உண்மைய சொல்லு. தியேட்டர்ல தூங்கிட்டு வந்து அவுத்து வுட்டியா?"

அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் நடந்தது என்ன என்று விளங்கியது. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. பொய்யன் என்றால் கோபித்துக்கொள்வாள், நாளைக்கு ஆறும். செவிடன் என்றால்?

"ஆமாம்மா, தூங்கிட்டேன்," என்றார்.

"உங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? செவிடன் காதுல ஊதின சங்கு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சும்மா வாயில் வந்த பழமொழி, அவளுக்கு ஒன்றும் தெரியாது. தணிகைமணிக்கு அது நெஞ்சிலேயே இறங்கியது. அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை காமிரா வெளியே வரவில்லை. எதிரே உட்காரவில்லை. சோறு போடும்போதும் தலை குனிந்துதான். அவர் தறியை நிறுத்திவிட்டு வெறுமனே அவள் ரூம் வாசலில் வந்து நிற்பார், அவள் நிமிர மாட்டாள், திரும்பப் போவார். ஒரு நாளைக்கு நாலு தரம். யோகலட்சுமி உதட்டை அசைத்துக் கேட்டாள், "இன்னாங்க ஆச்சு உங்களுக்கு, பேய் புட்சிகிச்சா?"

நாலாவது வாரம் தேவிப்பிரியாவே வந்தாள். அண்ணாநகர்ப் பக்கம் புதிதாக ஒரு எஸ்கேப் ரூம், அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெயில் செட்டிங். "இதான் கடைசி. இது நல்லா வந்தா சேனல் இருக்கும். இல்லன்னா மூடிட்டு நான் என் வேலையப் பாக்கறேன்," என்றாள். தணிகைமணிக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பழனி ஆண்டவனைப் போல மொட்டை போட்டுக்கொண்டு வா என்றிருந்தாலும் போயிருப்பார்.

சனிக்கிழமை காலை ரயிலில் போனார்கள். அங்கே பிரேம்குமார் என்று ஒரு பையன், விளையாட்டை நடத்துகிறவன், போன்களை வாங்கி லாக்கரில் வைத்துவிட்டுச் சுவரில் மாட்டிய படத்தைக் காட்டிக்காட்டி விதிகளைச் சொன்னான். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. தணிகைமணி "ஆங், ஆங்" என்றார். ரெண்டு பேரும் ஒரே ரூமுக்குள் போகப் போகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். கண்ணைக் கட்டி நடத்திக்கொண்டு போனார்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் சின்னக் கொட்டடியில் அவர் மட்டும் நின்றார். மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு. கதவில் மூன்று எண் பூட்டு. பக்கத்துச் சுவரில் கையளவுக்கு ஒரு குழாய் பதித்திருந்தது. அவ்வளவுதான்.

குழாயைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. எண் அந்தப் பக்கம் மகளிடம் இருக்கிறது, பூட்டு இந்தப் பக்கம் தன்னிடம் இருக்கிறது. அவள் குழாயில் சொல்ல வேண்டும், இவர் கேட்டுத் திறக்க வேண்டும். சின்னப் பிள்ளை கூட அரை நிமிஷத்தில் முடித்துவிடும். முருகா, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா என்று வாய்விட்டே சொன்னார்.

குழாயில் காதை வைத்தார். நமநமவென்று ஏதோ வந்தது. மற்றக் காதை வைத்தார். அதே நமநம.

"தேவி! கொயா அடைச்சிகினு கீதும்மா! சுவத்துல தட்டிச் சொல்லு, எண்ணி எண்ணித் தட்டு!" என்று கத்திவிட்டு உள்ளங்கையைச் சுவரில் ஒட்டினார். தறி ஓடும்போது எந்த இடத்தில் கோளாறு என்று பலகையில் கை வைத்தே சொல்லுகிறவர். ஆனால் அந்த ரூமில் பயம் காட்டுவதற்காக டமடமவென்று ஒரு சங்கீதம் போட்டிருந்தான் அந்தப் பாவி பிரேம்குமார். சுவர், தரை, கம்பி எல்லாம் அதிலேயே அதிர்ந்தது. மகள் தட்டுவது எது, மேளம் தட்டுவது எது என்று தெரியவில்லை. கன்னத்தை வைத்துப் பார்த்தார். நெற்றியை வைத்துப் பார்த்தார்.

பிறகு பூட்டின் முன்னால் உட்கார்ந்து, சைபர் சைபர் சைபரில் ஆரம்பித்தார். சைபர் சைபர் ஒன்று. சைபர் சைபர் ரெண்டு. ஆயிரம் எண்தானே? ஒரு மணி நேரம் இருக்கிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. ஒவ்வொரு எண்ணாகத் திருப்பி இழுத்துப் பார்த்தார். நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. வியர்வை கண்ணில் வழிந்து எண் மங்கியது, சட்டையால் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பெண் கத்திக்கொண்டிருப்பாள் என்று தெரியும். நைனா வேண்டுமென்றே பண்ணுகிறார், இதையும் கெடுக்கிறார் என்று நினைப்பாள் என்பதும் தெரியும். திறந்துவிட்டால் போதும். எப்படித் திறந்தாய் என்று கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். "முந்நூத்தி நாப்பத்தி ஒண்ணு, முந்நூத்தி நாப்பத்தி ரெண்டு," என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே அழுதார்.

கதவை எப்போது வெளியிலிருந்து திறந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தேவிப்பிரியா அழுது ரகளை பண்ணி அவளை முதலில் வெளியே விட்டிருக்கிறார்கள். அவர் இருந்த கொட்டடிக்குப் பின்பக்கமாக ஒரு கதவு. அதன் வழியாக வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நைனா, நைனா, நைனா என்று மூன்று தரம் கூப்பிட்டாளாம். மூன்றாவது தரம் தொண்டை கிழியக் கூப்பிட்டாளாம். பிரேம்குமார் பிற்பாடு சொன்னது. அவர் பூட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "முந்நூத்தி தொண்ணூத்தி எட்டு."

முன்னால் நிழல் விழுந்ததும்தான் நிமிர்ந்தார். மகள் சுற்றிக்கொண்டு வந்து நேர் எதிரே குந்தினாள். கண் சிவந்திருந்தது, முகம் அவரையே பார்த்தது. நாலு வாரம் கழித்து அந்த முகம்! கோபம் இல்லை. நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள்: ஒன்பது. ரெண்டு. ஆறு.

தணிகைமணிக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று சிரித்துக்கொண்டே திருப்பினார். பூட்டு படக்கென்று விட்டது. ஜெயித்த ஆள் போல பிரேம்குமாரைத் திரும்பிப் பார்த்தார். அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"மேடம் ஒண்ணுமே சொல்லலயே சார்," என்றது அவன் உதடு. "சும்மா வாயத்தான அசைச்சாங்க. எப்டி சார் தொறந்தீங்க?"

தணிகைமணி மகளைப் பார்த்தார். பூட்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் எழுந்து லாக்கரில் இருந்து போன்களை வாங்கிக்கொண்டு நடந்தாள், அவர் பின்னாலேயே போனார்.

திரும்பி வரும் ரயிலில் அவர் பக்கத்திலேயே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் அவள் கன்னத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். முடிந்தது கதை என்று நினைத்தார். மணவூர் தாண்டியதும், எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாவிடம் ஏதோ கேட்டு இடம் மாற்றிக்கொண்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"எப்பத்துலர்ந்து?"

"மூணு வருசம். கொஞ்சங் கொஞ்சமா."

"அப்ப படமெல்லாம்?"

"வாயப் பாத்துதாம்மா."

"நான் பேசறது?"

"நீ என்னப் பாத்துப் பேசினா எல்லாம் தெரியும்."

"பாக்காம பேசினா?"

அவர் வெளியே பார்த்தார். கரும்புத் தோட்டம் போய்க்கொண்டிருந்தது. அவள் முழங்காலைத் தட்டித் திருப்பினாள். எத்தனை நாள், எத்தனை பேச்சு என்று அவள் மனசுக்குள் ஓடுவது முகத்திலேயே தெரிந்தது.

"ஏன் நைனா சொல்லல?"

"சொன்னா நீ என் எதிர்ல உக்கார மாட்டியேன்னு பயந்துட்டேம்மா," என்றார். எப்போதும் போல சத்தமாகத்தான் வந்திருக்க வேண்டும். பெட்டியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கேட்டாள், "என் கொரல் எப்டி இருக்கும்னாவது தெரியுமா உனக்கு?"

பொய் சொல்லலாம். மூன்று வருஷமாகச் சொன்ன ஆள்தான். முடியவில்லை.

"இப்ப எப்டி இருக்கும்னு தெரியாதும்மா. நீ வாயத் தொறந்தா எனக்குள்ள பேசறது பத்தாவது படிச்ச தேவிதான். அவ கொரல்தான் எங்கிட்ட கீது. அவதான் காலேஜ் கதையெல்லாம் சொல்றா. அன்னிக்கி எங்கிட்ட தூங்கிட்டியான்னு கத்தினதும் அவதான்."

தேவிப்பிரியா ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கைக்குப் பின்னால் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், விடாமல், நீளமாக.

தணிகைமணி குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை எடுத்துட்டு அழும்மா. நீ இன்னா சொல்றன்னு எனக்குத் தெரியல."